எந்த ஊரு, எந்தக் கோயில்? நுரையீரல்ல எலும்பு கட்டுற கேன்சரை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க

போன மாசம் தேவகோட்டைல ஒரு சாந்திக் கல்யாணம். பந்தில உட்கார்ந்திருக்கும்போது பேச்சு எங்க தெரு ஆச்சியோட சிடி ஸ்கேன் ரிப்போர்ட் பக்கம் திரும்பிடுச்சு. ரிப்போர்ட்ல "கால்சிஃபைடு லீஷன்"னு ஒரு வரி இருக்கு, அதாவது நுரையீரல்ல ஒரு இடத்துல சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒருத்தர் "சுண்ணாம்புன்னா பழைய டிபி தழும்பு, விடுங்க"ங்கிறார், இன்னொருத்தங்க "நுரையீரல்ல வர்ற எலும்பு கேன்சர்னு ஒண்ணு இருக்காம், செல்போன்ல பார்த்தேன், அதுவாத்தான் இருக்கும்"ங்கிறாங்க, மூணாவது ஒருத்தர் "அம்பது வருஷமா வெத்தலைக்குத் தடவுன சுண்ணாம்பு உள்ள போய்க் கட்டிருச்சு"ன்னு முடிச்சே வச்சிட்டார். ஆச்சி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, பாதி இலைல எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நான் பதினாறு வருஷமா திசு பரிசோதனை லேப்ல டெக்னீஷியன். டாக்டர் இல்ல. ஆனா ஆஸ்பத்திரில வெட்டி எடுக்கிற கட்டி எங்க கைக்கு வந்து, மெழுகாகி, சீவி, கண்ணாடில ஒட்டி, சாயம் போட்டு டாக்டர் மைக்ராஸ்கோப்புக்குப் போற வரைக்கும் எல்லாம் எங்க வேலைதான். அன்னைக்குப் பந்தில பேசுன மூணு பேருமே ஆச்சி மேல பாசத்துலதான் பேசுனாங்க, ஆனா மூணுமே ஒரே கேள்வியைத் தப்பாப் பிடிச்சதுதான், அதனாலதான் இதை உட்கார்ந்து எழுதுறேன்.

சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கிறது வேற, கட்டுன சுவர் வேற

முதல்ல வெத்தலையை முடிச்சிடலாம். வாயில போட்ட சுண்ணாம்பு வயித்துக்குத்தான் போகும், நுரையீரல்ல போய்க் கட்டியா உட்காராது. வெத்தலை பாக்கும் புகையிலையும் வாய்க் கேன்சருக்குக் காரணம்ங்கிறது உண்மை, ஆனா அது வேற கதை.

இப்ப நம்ம பழைய வீடுகளை நினைச்சுக்குங்க. செட்டிநாட்டுச் சுவர் பூச்சுன்னா சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைச்சு, கை வச்சா கண்ணாடி மாதிரி வழுக்கும், நூறு வருஷம் கழிச்சும் அப்படியே நிக்குது. அதே சுண்ணாம்பு கொல்லையில ஒரு மூலையில கொட்டிக் கிடந்தா அது சுவரா? இல்லல்ல. பொருள் ஒண்ணுதான், ஒண்ணு குவியல், இன்னொண்ணு கட்டடம்.

உடம்புலயும் அப்படித்தான். ஒரு இடத்துல புண்ணாகி ஆறும்போது கால்சியம் உப்பு சும்மா வந்து படிஞ்சா அதுக்குப் பேரு கால்சிஃபிகேஷன். அது குவியல். எலும்பு அப்படி இல்ல. புது வீட்டுக்குத் தளம் போடுறப்ப பார்த்திருப்பீங்க, முதல்ல கம்பி கட்டுவாங்க, அப்புறம்தான் கான்கிரீட் ஊத்துவாங்க. எலும்புல அந்தக் கம்பி வேலையைச் செய்றது கொலாஜன்ங்கிற புரத நார், கான்கிரீட் வேலையைச் செய்றது கால்சியம் பாஸ்பேட் உப்பு. கம்பி கட்டியாச்சு, கான்கிரீட் இன்னும் ஊத்தலைங்கிற நிலைமைல இருக்கிற பச்சை எலும்புக்கு ஆஸ்டியாய்டுன்னு பேரு. அதைக் கட்டுற கொத்தனார் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். இந்த ஆஸ்டியாய்டுங்கிற வார்த்தையை மட்டும் பிடிச்சு வச்சுக்குங்க, கடைசில தீர்ப்பு சொல்லப் போறது அதுதான்.

ஆக ஸ்கேன்ல வெள்ளையாத் தெரியுறது குவியலா கட்டடமாங்கிறது முதல் கேள்வி. கட்டடம்னா, கட்டுனது யாருங்கிறது அடுத்த கேள்வி.

கேன்சருக்கும் ஊரு உண்டு, கோயில் உண்டு

நம்ம பக்கம் நகரத்தார் வீட்ல புதுசா ஒருத்தரைப் பார்த்தா ரெண்டு கேள்வி கட்டாயம் வரும், எந்த ஊரு, எந்தக் கோயில். ஊரு கண்டனூரா இருக்கலாம், கானாடுகாத்தானா இருக்கலாம். கோயில்னா குலப் பிரிவு, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டின்னு ஒன்பதுல ஒண்ணு. ஒரே ஊர்ல பல கோயில்காரங்க இருப்பாங்க, ஒரே கோயில்காரங்க பல ஊர்ல இருப்பாங்க. ஐயா காலத்துல ரங்கூன்ல, பினாங்குல கடை வச்சிருந்தவங்களையும் ரங்கூன்காரர்னு யாரும் சொல்லலை, இன்ன ஊருக்காரர் ரங்கூன்ல கடை வச்சிருக்கார்னுதான் சொன்னாங்க.

கேன்சருக்கும் அப்படியே பொருத்திப் பாருங்க. அது எந்த உறுப்புல முதல்ல தொடங்குச்சோ அது அதோட ஊரு. எந்த வகை செல்லோட குணம் அதுக்கு இருக்கோ அது அதோட கோயில். ஊர்ல தொடங்குன கட்டியைப் பிரைமரின்னு சொல்வாங்க, அங்கிருந்து ரத்தம் வழியா இன்னொரு இடத்துக்குப் போய் உட்கார்ந்ததை செகண்டரின்னு சொல்வாங்க, மெட்டாஸ்டாசிஸ்னு ரிப்போர்ட்ல இருக்கும். செகண்டரி எங்க போனாலும் அதோட குணம் மாறாது, முழங்கால்ல தொடங்குன எலும்பு கேன்சர் நுரையீரலுக்குப் போனா அது நுரையீரல் கேன்சர் ஆகாது, நுரையீரல்ல கடை வச்ச எலும்பு கேன்சர்தான்.

கோயில்லயும் ரெண்டு பெரிய பிரிவு இருக்கு, தெரிஞ்சுக்கணும். வீட்டுக்குத் தரைல பதிச்ச கல்லு, சுவர்ப் பூச்சு மாதிரி, உறுப்புகளோட உட்புறத்தை மூடியிருக்கிற செல்கள்ல வர்ற கேன்சர் கார்சினோமா. சாதாரணமா நாம கேள்விப்படுற நுரையீரல் கேன்சர் எல்லாம் அநேகமா இதுதான். தூணு, உத்தரம் மாதிரி தாங்கிப் பிடிக்கிற திசுக்கள்ல, அதாவது எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு, இடைல இருக்கிற நார்த் திசு இதுகள்ல வர்றது சார்கோமா. கேன்சர் செல்லே கொத்தனார் வேலை பார்த்து ஆஸ்டியாய்டு கட்டுற சார்கோமாவுக்கு ஆஸ்டியோசார்கோமான்னு பேரு.

இந்த ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் வர்றது பத்துல இருந்து இருபது வயசுப் பிள்ளைங்களுக்கு, முழங்காலைச் சுத்தி. அது பரவணும்னா முதல்ல தேடிப் போற இடம் நுரையீரல். அதனாலதான் நுரையீரல்ல எலும்பு கட்டுற கேன்சரைப் பார்த்தா, எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல "இது எந்த எலும்புல இருந்து வந்துச்சு"ன்னுதான் கேப்பாங்க. எலும்புக்குச் சம்பந்தமே இல்லாம மென்மையான திசுல தொடங்குற ஆஸ்டியோசார்கோமாவும் இருக்கு, மொத்த ஆஸ்டியோசார்கோமால நூத்துல அஞ்சுக்குள்ளதான், அதுவும் நாப்பது அம்பது வயசுக்கு மேல, பெரும்பாலும் தொடைல. அதுலயும் நுரையீரலையே சொந்த ஊராக் கொண்டு தொடங்குறது அபூர்வத்துலயும் அபூர்வம், உலகம் பூரா மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவானதே சில டஜன்தான்.

எலும்பே இல்லாத நுரையீரல்ல எலும்புக் கொத்தனார் எங்கிருந்து வந்தான்னு கேக்கத் தோணும். நுரையீரல்ல காத்துப் பைகளுக்கு நடுவுல நார்த் திசு இருக்கு, அதுல இன்னும் ஒரு வேலைல நிலைக்காத மூலச் செல்கள் இருக்கு, அதுக நாராவும் ஆகலாம், கொழுப்பாவும் ஆகலாம், எலும்பு கட்டுற செல்லாவும் ஆகலாம். தொடைல பலமா அடிபட்டவங்களுக்குச் சில சமயம் தசைக்குள்ளயே எலும்பு கட்டும், அது கேன்சரே இல்ல, இந்தத் திறமை எலும்புக்கு வெளிலயும் இருக்குங்கிறதுக்கு அது சாட்சி. நுரையீரல்ல அந்த மாதிரி ஒரு செல் கெட்டுப் போய் அடங்காமப் பெருகி, பெருகிக்கிட்டே எலும்பும் கட்ட ஆரம்பிச்சா அதுதான் இந்த நோய்னு நினைக்கிறாங்க.

சுருக்கமா, ஊரு நுரையீரல், கோயில் ஆஸ்டியோசார்கோமா. ரெண்டையும் தனித்தனியா நிரூபிக்கணும், ஒண்ணை வச்சு இன்னொண்ணைச் சொல்ல முடியாது.

ஸ்கேன்ல தெரியுறது முதுகுப் பக்கம்தான்

இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, சளில ரத்தம், இதுதான் தொந்தரவு, எல்லா நுரையீரல் நோய்க்கும் இதேதான். சில பேருக்கு ஒண்ணுமே இருக்காது, வேற எதுக்கோ எடுத்த எக்ஸ்ரேல தெரியும். அதனால தொந்தரவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சிடி ஸ்கேன்ல கட்டி எவ்வளவு பெருசு, எங்க இருக்கு, உள்ள எவ்வளவு அடர்த்திங்கிறது தெரியும். அடர்த்திக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண்னு ஒரு அளவு, தண்ணி 0, காத்து மைனஸ் 1000, கெட்டி எலும்பு 1000 பக்கத்துல. கால்சியம் எப்படிப் பரவி இருக்குங்கிறதும் ஒரு துப்பு. பொட்டு பூரா ஒரே வெள்ளையா, இல்ல சரியா நடுவுல, இல்ல வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா, இல்ல சோளப்பொரி மாதிரி இருந்தா அநேகமா கெடுதல் இல்லாதது. ஓரத்துல ஒதுங்கியோ, தூவுன மாதிரி சிதறியோ, மேகம் மாதிரி கலங்கலாவோ இருந்தா சந்தேகப்படணும். ஆனா ஒண்ணு, ஏற்கனவே எலும்பு கேன்சர் வந்து போனவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவங்களுக்கு அழகா பூரா வெள்ளையா இருக்கிற பொட்டும் செகண்டரியா இருக்கலாம்.

இங்கதான் பழைய எக்ஸ்ரே தங்கம் மாதிரி. டிபி வந்து ஆறுன தழும்பு வருஷக்கணக்கா அப்படியே இருக்கும், வளராது. ஆச்சி விஷயத்துல நடந்ததும் இதுதான். நான் அன்னைக்குச் சாயந்திரமே அவங்க வீட்டுக்குப் போய் "ஆச்சி, பழைய படம் எதுவும் இருக்கா"ன்னு கேட்டேன், இரண்டாங்கட்டுல மரப்பெட்டிக்குள்ள சேலைக்கு அடில இருந்து கண் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஒரு நெஞ்சுப் படத்தை எடுத்துக் கொடுத்தாங்க, பதினோரு வருஷத்துக்கு முந்தினது. ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படம் பார்த்துச் சொல்ற டாக்டர், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தார். அதே இடம், அதே அளவு. ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்குவோம்னு சொல்லி அனுப்பிட்டார். ஆச்சிக்குப் பயாப்சியே, அதாவது கட்டில இருந்து திசு எடுத்துப் பார்க்கிறதே, தேவைப்படலை. தயவுசெஞ்சு பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீங்க.

பழைய படமும் இல்ல, கட்டியும் பெருசு, வளர்ற மாதிரியும் இருக்குன்னா? ஆத்தங்குடிக் கல்லு செய்றதைப் பார்த்திருந்தா இது சட்டுனு புரியும். கண்ணாடித் தட்டு மேல அச்சை வச்சு முதல்ல கலர் ஊத்துவாங்க, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவாங்க. மேல இருந்து பார்க்கிறவங்களுக்குச் சாம்பல் நிறச் சிமெண்டுதான் தெரியும், கல்லு காய்ஞ்சு கண்ணாடில இருந்து பிரிச்சுத் திருப்புனாதான் பூவா கட்டமா கொடியான்னு தெரியும். ஸ்கேன் காட்டுறது அந்த முதுகுப் பக்கம். திருப்பிப் பார்க்கிறதுதான் பயாப்சி.

சொந்த ஊரைத் தேடி உடம்பு பூரா

பயாப்சிக்கு முன்னாடியோ பின்னாடியோ இந்தத் தேடல் நடந்தே ஆகணும். முதல் கருவி மிஷினே இல்ல, கேள்விதான். சின்ன வயசுல கால்ல, கைல கட்டி எடுத்திருக்கா? மார்புல கேன்சர் வந்து ரேடியேஷன் கொடுத்திருக்கா? ரேடியேஷன் பட்ட இடத்துல பல வருஷம் கழிச்சு சார்கோமா வர்றது அரிது, ஆனா உண்டு. நம்மாளுங்க "அது முப்பது வருஷத்துக்கு முன்னாடி, இப்ப எதுக்கு"ன்னு சொல்லாம விட்டுடுறாங்க. சொல்லுங்க. முழங்கால்ல இருக்கிற ஒரு பழைய தழும்பு மொத்த டயக்னோசிஸையே மாத்திடும்.

அடுத்து போன் ஸ்கேன். கதிரியக்கம் ரொம்பக் கொஞ்சமா இருக்கிற டெக்னீஷியம்ங்கிற பொருளை, எலும்புல ஒட்டிக்கிற ஒரு பாஸ்பேட் மருந்தோட சேர்த்து நரம்புல ஊசி போடுவாங்க. எங்கெங்க புதுசா எலும்பு கட்டுற வேலை நடக்குதோ அங்க அது போய்ச் சேரும், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படம் எடுத்தா அந்த இடம் பளிச்சுன்னு தெரியும். அந்தக் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாக் குறைஞ்சிடும், பயப்பட ஒண்ணுமில்ல. கேன்சர் செல் எலும்பு கட்டுனாலும் மருந்து அங்க போகும்ங்கிறதால நுரையீரல் கட்டியே பளிச்சுன்னு தெரியலாம். ஆனா நுரையீரல் தெரியுறது இங்க பதில் இல்ல, செகண்டரியா இருந்தாலும் தெரியும். மத்த எலும்பெல்லாம் சுத்தமா இருக்காங்கிறதுதான் பார்க்க வேண்டியது. வயசானவங்களுக்குத் தேய்ஞ்ச முட்டி, இடுப்பு எல்லாம் கூடத் தெரியும், அது கேன்சர் இல்ல, சந்தேகம்னா அந்த இடத்துக்கு மட்டும் எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ எடுத்துத் தெளிவு பண்ணிக்குவாங்க. இப்பல்லாம் பெட் சிடியும் எடுக்கிறாங்க, அது சர்க்கரையை அதிகமாத் தின்னுற செல் எங்க இருக்குன்னு உடம்பு பூரா தேடும்.

ரத்தத்துல அல்கலைன் பாஸ்பட்டேஸ்னு ஒண்ணு பார்ப்பாங்க, எலும்பு கட்டுற வேலை அதிகமானா ஏறலாம். ஈரல் கோளாறுலயும் ஏறும். இதை மட்டும் வச்சு யாரும் முடிவு பண்றதில்ல.

இதுவரைக்கும் வந்த கணக்கு: எந்த எலும்புலயும் கட்டி இல்ல, பழைய கேன்சர் கதையும் இல்லன்னா ஊரு நுரையீரலா இருக்க வாய்ப்பு அதிகம். கோயில் இன்னும் பாக்கி.

கடைசித் தீர்ப்பு கண்ணாடித் துண்டுல

பயாப்சில ரெண்டு விதம். எஃப்என்ஏசின்னு மெல்லிசா ஊசி குத்தி உறிஞ்சுறது, அதுல செல்லு மட்டும் உதிரி உதிரியா வரும். எங்களுக்குத் தேவை செல்லும் அது கட்டுன கட்டடமும் சேர்ந்து இருக்கிற துண்டு, அதனால கோர் பயாப்சின்னு கொஞ்சம் தடிச்ச ஊசில, சிடி பார்த்துக்கிட்டே, பென்சில் முள்ளு மாதிரி திசு எடுப்பாங்க. "ஊசி குத்துனா கேன்சர் பரவிடும்"னு பயந்து மாசக்கணக்கா தள்ளிப் போடுறவங்களை நான் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். ஊசி போன பாதைல செல் சிந்துறது ரொம்ப ரொம்ப அரிது, கேன்சரா இருந்தா தள்ளிப்போட்ட மாசத்துல கட்டி வளரும். நிஜமா கவனிக்க வேண்டியது நுரையீரல்ல இருந்து காத்துக் கசியுறதுதான், அதுக்காகத்தான் ஊசிக்கு அப்புறம் சில மணி நேரம் படுக்க வச்சுப் பார்த்துக்கிறாங்க. அந்தத் துண்டுலயே டிபி இருக்கான்னும் தனியா ஒரு டெஸ்ட் போட்டுடலாம், நம்ம ஊர்ல அது அவசியம்.

எங்க லேப்புக்கு வர்ற துண்டை ஃபார்மலின்ல ஊற வச்சு, மெழுகுல பதிச்சு, மூணு நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. எலும்பு கட்டுன கட்டின்னா பிளேடு இறங்காது, கரகரன்னு சத்தம் கைலயே தெரியும், அதனால முதல்ல ஆசிட்லயோ ஈடிடிஏங்கிற கரைசல்லயோ போட்டு கால்சியத்தை மெதுவாக் கரைக்கணும். அவசரப்பட்டு ஆசிட்ல கூட நேரம் விட்டுட்டா திசு கெட்டுப் போய், பின்னாடி பண்ற டெஸ்ட் எதுவும் சரியா வராது. "ரிப்போர்ட் ஏன் இவ்வளவு லேட்"னு கோபப்படுறவங்களுக்கு இதைத்தான் சொல்றது, அந்தக் காத்திருப்புல ஒரு காரணம் இருக்கு.

அப்புறம் சாயம். ஹெமடாக்ஸிலின் செல்லோட நடுக்கருவை நீல ஊதாவாக்கும், ஈயோசின் மத்ததை ரோஸ் ஆக்கும். ஆஸ்டியாய்டு இருந்தா ரோஸ் கலர்ல, சரிகைப் பின்னல் மாதிரி, செல்லுக்கு நடுவுல நடுவுல ஓடும். இப்பதான் "கட்டுனது யாரு"ங்கிற கேள்வி. நல்ல செல் எலும்பு கட்டுனா, கொத்தனாருங்க சாரத்துல வரிசையா நிக்கிற மாதிரி ஓரத்துல ஒழுங்கா நிப்பாங்க. சாதாரண நுரையீரல் கேன்சருக்குப் பக்கத்துல கூட நல்ல செல்லுங்க இப்படி எலும்பு கட்டுறது உண்டு, அதைப் பார்த்துட்டு ஆஸ்டியோசார்கோமான்னு எழுதுனா பெரிய தப்பு. ஆஸ்டியோசார்கோமாவுல கோணல்மாணலான, நடுக்கரு பெருத்த கேன்சர் செல்லே அந்தப் பின்னலுக்குள்ள சிக்கி நிக்கும், அதைக் கட்டுறதே அதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு, எனக்குத் தெரிஞ்சு இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமானது. கார்சினோசார்கோமான்னு ஒரு கேன்சர், அதுல ஒரு பக்கம் கார்சினோமா, இன்னொரு பக்கம் ஆஸ்டியோசார்கோமா, ஒரே கட்டிக்குள்ள. ஊசில எடுத்த சின்னத் துண்டு எலும்பு கட்டுற பக்கத்துல இருந்து மட்டும் வந்திருந்தா, மறுபக்கம் இருக்கிறதே தெரியாது. ஒரு வளவு வீட்டுல முகப்பை மட்டும் பார்த்துட்டு உள்ள எத்தனை குடும்பம்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதனால ஆபரேஷன்ல முழுக் கட்டியும் எடுத்த பிறகு, பல இடத்துல வெட்டிப் பார்த்துத்தான் உறுதியாச் சொல்வாங்க. சாயத்தோட சேர்த்து இம்யூனோ டெஸ்ட்டும் போடுவாங்க, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தா மட்டும் பழுப்பு நிறம் காட்டுற சோதனை. சைட்டோகெரட்டின், டிடிஎஃப்-1, பி40 எல்லாம் கார்சினோமாவோட அடையாளங்கள், கட்டி பூரா தேடியும் இதெல்லாம் இல்லன்னா கார்சினோமா கலப்பு இல்லங்கிற பக்கம் தராசு சாயும். எஸ்ஏடிபி2 எலும்பு கட்டுற செல்லைக் காட்டும், ஆனா வேற சில கட்டிகள்லயும் வரும், அதை மட்டும் நம்பக் கூடாது.

எலும்புக்கு வெளில வர்ற ஆஸ்டியோசார்கோமாவுக்கு 1971ல ஆலன், சூல்ங்கிற ரெண்டு பேர் போட்ட வரையறையைத்தான் இன்னைக்கும் டாக்டருங்க பிடிச்சிருக்காங்க: எந்த எலும்புலயும் தொடங்கியிருக்கக் கூடாது, கட்டி முழுக்க ஒரே சார்கோமா குணமா இருக்கணும், கேன்சர் செல்லே ஆஸ்டியாய்டு கட்டியிருக்கணும். போன் ஸ்கேன் முதல் நிபந்தனைக்கு, முழுக் கட்டியும் இம்யூனோவும் ரெண்டாவதுக்கு, ரோஸ் பின்னல் மூணாவதுக்கு. ரேடியாலஜிஸ்ட், திசுவைப் பார்த்துச் சொல்ற பேத்தாலஜிஸ்ட், ஆபரேஷன் பண்றவர், கேன்சர் டாக்டர் எல்லாரும் ஒரே மேஜைல உட்கார்ந்தாதான் மூணும் சேரும்.

பேரு ஏன் இவ்வளவு முக்கியம்னா, வைத்தியம் அதைப் பொறுத்து மாறும். சொந்த ஊரு நுரையீரல்தான்னா முடிஞ்சவரைக்கும் கட்டியை முழுசா ஆபரேஷன்ல எடுக்கிறதுதான் முதல் வழி. முழங்கால்ல இருந்து வந்ததுன்னா முழங்காலையும் பார்க்கணும், கீமோ வேற மாதிரி. கார்சினோமா கலந்திருந்தா அது வேற பாதை.

மெழுகுக் கட்டை உங்களோடது

இவ்வளவு அரிதான நோய்ல ரெண்டாவது டாக்டர் கருத்து கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல. எங்க மாதிரி லேப்ல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆஸ்டியோசார்கோமா வந்தாலே பெருசு, நுரையீரல்ல தொடங்குனதை நான் இந்தப் பதினாறு வருஷத்துல ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. கட்டிகளை மட்டுமே பார்த்துக்கிட்டிருக்கிற பெரிய சென்டர்ல ஒரு பார்வை பார்க்கணும். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கு, நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைல பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல தொடங்குனது. மும்பை டாடா மெமோரியல் இருக்கு.

அதுக்கு இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டியதில்ல, பல பேருக்கு இது தெரியாது. உங்க திசு மெழுகுக் கட்டையா லேப்ல பத்திரமா இருக்கும், பிளாக்னு கேட்டா தெரியும். ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிக்கலாம். எடுத்துட்டுப் போறப்ப கார் டேஷ்போர்டு மேல வெயில்ல வச்சிடாதீங்க, மெழுகு இளகிடும், துணில சுத்திக் கைப்பைல வைங்க. சிடி ஃபிலிம், போன் ஸ்கேன் படம், பழைய எக்ஸ்ரே எல்லாம் அதே பைல போகட்டும், ஸ்லைடு பார்க்கிற டாக்டருக்கும் படம் வேணும். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது பிளாக் மேல கீறியிருக்கிற நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரும் ஒண்ணுதானான்னு கவுண்டர்லயே ஒரு தடவை சரி பார்த்துக்குங்க.